பில்டர் இல்லாமல் மலையேறிய கார்

எண்பத்து மூன்றோ நாலோ, வருடம் சரியாக நினைவில்லை. ஐப்பசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். போடிநாயக்கனூரில் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஆயில் கடை வைத்திருந்தேன். சமையல் எண்ணெய் இல்லை. வண்டிக்கு ஊற்றும் இஞ்சின் ஆயில், கிரீஸ், பெல்ட், பில்டர். என் வீட்டுக்காரர் நடத்திய கடை அது. அவர் இறந்த பிறகு, "பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி, வித்துட்டுப் பேசாம இரு" என்று சொல்ல வந்த சொந்தக்காரர்களைத் திட்டி அனுப்பிவிட்டு நானே கல்லாவில் உட்கார்ந்தேன். "கடையில ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவனிடம், "இருந்தா அவனும் உன்னைய மாதிரி பராக்குப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பான். என்ன ஆயிலு வேணும், அதைச் சொல்லு" என்பேன். என் வாய் அப்படி. இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் ஊர் ஜீப்புகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியும் முன்பே ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு மலை ஏறும். பொழுது சாயத்தான் இறங்கும். எல்லாம் ராணுவத்தில் கழித்துப்போட்ட கிழட்டு வண்டிகள். இஞ்சின் தேய்ந்து புகை கக்கும். அதனால் போடிக்காரர்களுக்கு ஆயில் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். ஐம்பதாம் நம்பருக்குக் கீழே எவனும் வாங்க மாட்டான். ஆயிலில் சேரும் தூசியை வடிகட்டும் பில்டர் விஷயம் இன்னும் மோசம். புதுப் பில்டர் வாங்க யாருக்கும் மனசு வராது. பழசைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அது இருந்த இரும்புக் கிண்ணத்துக்குள் இலவம் பஞ்சை அமுக்கி மூடிவிடுவார்கள். எங்கள் ஊரில்தான் தெருவுக்குத் தெரு பஞ்சு கிடக்கிறதே. இலவம் பஞ்சு எண்ணெயை எப்படி உறிஞ்சும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அது ஜீப்புக்கு ஒத்தும் வந்தது. அந்த ஜீப்புகளில் பில்டர் ஒரு ஓரமாக நிற்கும். ஓடுகிற எண்ணெயில் கொஞ்சம்தான் அதற்குள் போய்த் திரும்பும். மீதி நேராக இஞ்சினுக்குப் போய்விடும். பில்டரே அடைத்துக்கொண்டாலும் வண்டி நிற்காது. எனக்குத்தான் பில்டர் வியாபாரம் படுத்துவிட்டது. பக்கத்து ஷெட் மெக்கானிக் அண்ணன்தான் இந்தப் பஞ்சு வைத்தியத்தில் பெரிய கை. அவரோடு இதற்காக நான் போடாத சண்டை கிடையாது.

அன்று முகூர்த்த நாள். முன்பகல் இருக்கும். மேலே மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. ஸ்டாண்டில் ஒரு ஜீப்கூட இல்லை. அப்போது ராசிங்காபுரத்து டிராக்டர் ஒன்று சிவப்புக் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. தாழ்ந்த சின்னக் கார். கதவில் பெரிதாக நம்பர் எழுதியிருந்தது. பின் சீட்டே இல்லை. அந்த இடத்தில் வெறும் தகரமும், குறுக்கே இரும்புக் குழாய்களும். பார்த்ததுமே தெரிந்தது, பந்தயக் கார்.

"ஏலேய், பந்தயத்துல டிராக்டரு ஜெயிச்சிருச்சு டோய்!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

காரிலிருந்து இறங்கியவருக்கு முப்பது வயது இருக்கலாம். ஒல்லியான ஆள். யார் சிரித்ததையும் கண்டுகொள்ளவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. "ஏனுங் அக்கா, அடுத்த மாசம் மலைப் பந்தயமுங்க. வண்டிய ஏத்திப் பாக்கலாமுன்னு காத்தால மேல போனேன். எறங்கறப்போ கல்லுத் தெறிச்சு பில்டர் கிண்ணம் ஒடஞ்சு போச்சுங்க. ஆயில் பூராவும் ரோட்டுல ஊத்திருச்சுங்க. இஞ்சினை அணைச்சுப் போட்டு, பிரேக்கைப் புடிச்சுட்டே மலையடி முந்தல் வரைக்கும் உருட்டிட்டு வந்தேனுங்க" என்றார்.

எங்கள் ஜனங்கள் வயிற்றுப்பாட்டுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் ரோட்டில் இவர் விளையாட வந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சல். அவர் ஆயில் வாங்கிய விதம் அந்த எரிச்சலை இன்னும் கிளப்பியது. ஒவ்வொரு டின்னாகத் திறக்கச் சொல்லி முகர்ந்தார். சொட்டு எடுத்து இரண்டு விரலில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். குளிரில் இளகி நின்று, சூட்டில் நீர்த்துப்போகாத ஆயில் வேண்டுமாம். "இது போடி தம்பி. இங்க அம்பது இருக்கு, நாப்பது இருக்கு. முகந்து பாத்து வாங்க இது என்ன அத்தரா?" என்று கேட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

மெக்கானிக் அண்ணன் கிண்ணத்தைக் கழற்றினார். விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்த காகிதப் பில்டர் நசுங்கிக் கிழிந்து கிடந்தது. அந்த வகைப் பில்டர் என்னிடம் இல்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே, "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டீக? கிண்ணத்தைப் பித்தளை வச்சு ஊதி ஒட்டிர்றேன். உள்ள ரெண்டு கை பஞ்சை வச்சு அமுக்கினா சோலி முடிஞ்சுது" என்றார்.

"வேண்டாமுங்க. இந்த இஞ்சின்ல ஆயில் பூராவும் பில்டர் வழியாத்தானுங்க போகோணும். வேற வழியே கெடையாது. பஞ்சு பிரிஞ்சு போயி வழிய அடைச்சுதுன்னா, அங்கியே புடிச்சுட்டு நின்னுருமுங்க."

பிறகு அடியில் மிச்சமிருந்த எண்ணெயை விரலில் தொட்டு எங்களிடம் காட்டினார். விரல் நுனி மினுமினு என்றிருந்தது. "பேரிங்குத் தூளுங்க இது. ஆயில் போனது தெரியாம கொஞ்சம் ஓட்டிட்டேன். இதுவரைக்கும் பேரிங் மட்டுந்தான் போயிருக்கு. அதை மாத்திக்கலாம். ஆனா பில்டர் இல்லாம ஓட்டினா இந்தத் தூளு உள்ளயே சுத்திச் சுத்தி கிராங்கு, பம்பு எல்லாத்தையும் அரைச்சுப் போடுமுங்க. தொடாம லாரில ஏத்திக் கொண்டு போயர்றேன்" என்றார். அந்த இஞ்சினை வருஷக்கணக்கில் ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து, தன் கையாலேயே கட்டியிருக்கிறார். சொல்லும்போது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில் எதிர் வரிசை ஏலக்காய் மண்டியிலிருந்து கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். எனக்குப் போன் என்று சொன்னார். மலை உச்சியில் போடிமெட்டிலிருந்து என் தங்கை புருஷன் பேசினார். தங்கை அவரோடு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தாள். எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் அழைத்து வருவதாக இருந்தோம்.

"மதினி, விடியக்காலையில இருந்து ரத்தம் போகுது. நிக்கவே மாட்டேங்குது. போர்வையில தொட்டில் கட்டி மெட்டு வரைக்கும் தூக்கியாந்துட்டோம். பஸ்சு இனிமே சாயங்காலந்தானாம். ஏதாவது வண்டி கொண்டாங்க மதினி..."

எஸ்டேட் ஜீப் எங்கே என்று கேட்டேன். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறதாம். மூட்டைக்கு ஜீப் உண்டு, பிள்ளை சுமக்கிறவளுக்குக் கிடையாது. அந்த ஆத்திரம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

ரோட்டில் இறங்கி ஓடினேன். டாக்சி ஸ்டாண்டில் இருந்த இரண்டு வண்டியும் கல்யாணத்துக்குப் போய்விட்டன. ஜீப் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். லாரி பிடித்துப் போய் இறக்கிக்கொண்டு வர எத்தனை நேரம் ஆகும்? நடுரோட்டில் நின்று, மலையைப் பார்த்து, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அந்தக் கோயம்புத்தூர்க்காரர் மெக்கானிக் அண்ணனிடம், "கிண்ணத்தை ஊதிக் குடுங்க, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் போல.

அண்ணன் காஸைப் பற்றவைத்தார். "உள்ள என்ன வைக்க?"

"ஒண்ணும் வெக்க வேண்டாமுங்க. காலியா மாட்டுங்க."

"யோவ், நீங்கதான சொன்னீக, அந்தத் தூளு அம்புட்டையும் அரைச்சுப்புடும்னு? பஞ்சாவது வச்சா தூளைப் பிடிக்கும்ல. இஞ்சினு பொழைக்க ஒரு வழி இருக்குல்ல?"

அவர் சொன்ன பதிலை நான் இந்தக் காதால் கேட்டேன். "பஞ்சு வெச்சா இஞ்சின் பொழைச்சாலும் பொழைக்கும், பாதி வழியில நின்னாலும் நின்னுருமுங்க. ஒண்ணும் வெக்காட்டி இஞ்சின் செத்துரும். ஆனா சாவறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். நம்மளுக்கு அந்த நேரந்தானுங்க வேணும்."

அண்ணன் கிண்ணத்தை எடுத்து நெருப்பில் காட்டினார்.

பிறகு அந்தக் கோயம்புத்தூர்க்காரர் என் கடைக்குள் வந்தார். இந்தத் தடவை முகர்ந்து பார்க்கவில்லை. நேராக நாற்பதாம் நம்பர் டின்னை எடுத்தார். இதுவும் அந்த இஞ்சினுக்குக் கெட்டிதான், அப்படியே ஊற்றினால் இண்டு இடுக்குக்குப் போய்ச் சேருவதற்குள் பேரிங் தீய்ந்துவிடும், சுடவைத்து ஊற்ற வேண்டும் என்றார். டீக்கடை அடுப்பில் இருந்த வெந்நீர்க் குண்டாவை நானே கவிழ்த்துவிட்டு ஆயிலை ஊற்றினேன்.

"ஆத்தா, அதுல இனிமே நான் எப்படித் தண்ணி காய வைக்க?" என்று டீக்கடைக்காரர் அலறினார்.

"வேற குண்டா வாங்கித் தர்றேன். அடுப்பைத் தூண்டுய்யா மொதல்ல!"

கை பொறுக்காத சூட்டில் எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகியது. அதை அப்படியே இஞ்சினில் ஊற்றினார். உடனே கிளப்பவில்லை. முன்னால் கைப்பிடியைப் போட்டு, மெதுவாக, ஆட்டுக்கல் சுற்றுவது போலச் சுற்றினார். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகம்.

மெக்கானிக் அண்ணன் பஞ்சு மெத்தை ஒன்றைக் கொண்டு வந்து பின்பக்கத் தகரத்தின் மேல் போட்டார். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். கார் கிளம்பியது.

எத்தனையோ ஜீப்பில், லாரியில், பஸ்ஸில் அந்த மலை ஏறியிருக்கிறேன். ஜீப் ஏறும்போது மலையோடு மல்லுக்கட்டும். முனகும், நின்று மூச்சு வாங்கும். இந்தக் கார் மலையிடம் எதுவும் கேட்கவே இல்லை. முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டாவது வளைவும் முடிந்திருந்தது. இடது பக்கம் பாதாளம், வலது பக்கம் பாறையில் வழியும் தண்ணீர், எதிரே மேகம். மேகத்துக்குள் போனதும் எனக்கு ரோடே தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அவர் கைகள் பதறவே இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பி, நிமிர்ந்ததும் இழுப்பார். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கி எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். நெஞ்சுக்குள் இடி இடிப்பது போல இருந்தது. பயம் எந்த வளைவில் போனது, பிரமிப்பு எந்த வளைவில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் ரோட்டைத் தவிர ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்தார். ஆயில் அழுத்தம் காட்டும் முள். ஆயில் விற்கிறவள், எனக்கும் அது புரியும். போடியில் கிளம்பும்போது நிமிர்ந்து நின்ற முள் மெட்டுக்கு வந்தபோது பாதிக்குச் சாய்ந்திருந்தது.

செக்போஸ்ட் ஓரம் தார்ப்பாய்க்குக் கீழே தங்கை கிடந்தாள். உதடு வெளுத்து, கை சில்லிட்டு இருந்தது. மெத்தையில் கிடத்தி அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் தகரத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் புருஷன் முன்னால் ஏறினார். "அக்கா, தூங்கணும் போல இருக்கு" என்றாள். "தூங்கினேன்னா செவுட்டுலயே ஒண்ணு விடுவேன். எதையாவது பேசிக்கிட்டே வாடி" என்றேன்.

இறக்கத்தில் திரும்பியதுமே இஞ்சினில் இருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்தது. என் அறிவுக்கு எட்டியதை நான் சொன்னேன். "தம்பி, இனி இறக்கந்தான. காலையில உருட்டிக்கிட்டு வந்தீகளே, அதே மாதிரி இஞ்சினை அணைச்சுட்டு வாங்க. வண்டியாவது தப்பிக்கட்டும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "காத்தால நான் ஒருத்தன்தானுங்க்கா வண்டில இருந்தேன். இப்ப உங்க தங்கச்சி இருக்காங்க. பிரேக்கை மட்டும் நம்பி எறங்க மாட்டேனுங்க" என்றார்.

அவ்வளவுதான். கீழ் கியரில் போட்டு, அந்தச் செத்துக்கொண்டிருந்த இஞ்சினின் பலத்தாலேயே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கினார். ஏறும்போது காற்றாய்ப் பறந்த அதே ஆள், இறங்கும்போது தங்கையின் தலை என் மடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருளாமல் ஓட்டினார். வேகமும் குறையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்த டொக் டொக் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அவருக்கு எங்கே போய் விழும் என்று நினைத்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது வியர்த்து ஒழுகியது.

முந்தல் வந்தபோது முள் படுத்துவிட்டது. அங்கிருந்து போடி வரைக்கும் சமதளம். இஞ்சின் சம்மட்டியால் அடிப்பது போல இரைந்தது. ரோட்டில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர் மிதித்த காலை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பி, படிக்கட்டுக்கு நேராக வந்ததும், எதையோ கடித்தது போல ஒரு சத்தம் வந்தது. கார் குலுங்கி நின்றது. அவர் அணைத்தாரா, அதுவே நின்றதா என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா உடனே உள்ளே கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் தாயும் இல்லை என்று டாக்டரம்மா என்னிடம் பிறகு சொன்னார். குழந்தை தங்கவில்லை. தங்கை தங்கிவிட்டாள்.

வெளியே வந்தபோது அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்காங்களா?" என்றார். தலையாட்டினேன். "கொழந்தைங்க?" என்று கேட்டார். இல்லை என்று கையை விரித்தேன். அவர் கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். தன் காருக்கு அழாத மனுஷன், முகம் பார்க்காத அந்தப் பிள்ளைக்கு அழுதார். அதுவரை அழாத நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிய பிறகு டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் காரை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் அண்ணன் அடியில் திருகைக் கழற்றினார். நான் விற்ற ஆயில்தான் வந்தது. ஆனால் அது ஆயில் நிறத்தில் இல்லை. வெள்ளிப் பூச்சு கரைத்து ஊற்றியது போல மின்னியது. கைப்பிடியைப் போட்டுப் பார்த்தார்கள். இம்மி அசையவில்லை. எப்போதும் நக்கல் பேசும் அந்தக் கூட்டத்தில் ஒரு டிரைவர் குனிந்து அந்தக் காரின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காரை லாரியில் ஏற்றினார்கள். அடுத்த மாதப் பந்தயம் அவருக்கு இல்லை. இஞ்சினை மறுபடி கட்ட என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன், நகை இருக்கிறது என்றேன். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. லாரி கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. அண்ணன் சொன்ன மாதிரி பஞ்சு வச்சிருந்தா, நிக்காமலே வந்திருக்குமோ? இஞ்சினும் பொழைச்சிருக்குமோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"பொழைச்சிருந்தாலும் பொழைச்சிருக்குமுங்க்கா" என்று சிரித்தார். லாரி போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

தங்கைக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் இன்னும் பல வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்தேன். இஞ்சின் நீடித்து உழைக்க எந்த ஆயில் நல்லது, எந்தப் பில்டர் நல்லது என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், நானும் சொன்னேன். ஆனால் இஞ்சின் எந்த இடம் வரைக்கும் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்து ஆயில் எடுத்த ஒரு மனுஷனுக்கு நான் டின் திறந்து கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால், யார் மேலேயும் சட்டென்று கோபம் வரும் எனக்கு இன்றும் பேச்சு நின்றுவிடுகிறது.